நுரையீரலிலிருந்து திரும்பும் வழி

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு இப்போது ஐந்தரை மாதம். பிறந்த இரண்டாம் நாளே மூச்சுத் திணறி உடம்பு நீலம் பூத்துவிட்டது. "டி.ஏ.பி.வி.சி., அதுவும் அடைப்புள்ள வகை" (நுரையீரலிலிருந்து திரும்பும் சிரைகள் இதயத்தின் இடது மேலறையில் சேராமல் வேறிடம் போய்விடும் பிறவிக் குறைபாடு) என்று சொல்லி நான்காம் நாள் ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்து வந்தாள். நான்கு மாதம் வரை நன்றாகவே தேறினாள். இந்த ஆறு வாரமாகப் பால் குடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறாள், நெற்றி வியர்க்கிறது. இரண்டு முறை "நெஞ்சில் சளி" என்று ஆன்டிபயாடிக்கும் நெபுலைசரும் கொடுத்தார்கள். எடை மூன்று வாரமாக 5.2 கிலோவிலேயே நிற்கிறது. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 97 காட்டுகிறது. போன வாரம் எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) நுரையீரலின் இடது மேல் சிரையில் ரத்த வேகம் 1.9 என்று எழுதி, சி.டி. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேறொரு டாக்டர் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கிறது, சில்டெனாஃபில் தொடங்கலாம் என்கிறார். வீட்டிலோ "இத்தனை சின்னக் குழந்தைக்கு மறுபடியும் ஸ்கேனா, ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்போம்" என்கிறார்கள். முதல் ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையா? கர்ப்பத்தில் நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா? இன்னொரு குழந்தை பிறந்தால் அதற்கும் வருமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல மனம் துடிக்கிறது. ஆனால் உங்கள் மகளுக்கு நாட்கள் முக்கியம். அதனால் செய்ய வேண்டியதை முன்னால் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் பொறுக்க வேண்டாம். சி.டி. எடுக்கச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் நடந்த இடத்திலோ, குழந்தைகளுக்கான இதய அறுவை சிகிச்சையும் கதீட்டர் (ரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாய் செலுத்தும்) வசதியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வேறொரு இடத்திலோ இந்த வாரமே காட்டுங்கள். அதற்குள் மூச்சு வேகம் கூடினாலோ, குடிக்கும் பால் பாதியாகக் குறைந்தாலோ, உதடு நிறம் மாறினாலோ, கொடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். "டி.ஏ.பி.வி.சி. ஆபரேஷன் ஆன குழந்தை, சிரை சுருங்குகிறதோ என்று சந்தேகம்" என்ற ஒரு வரியை உள்ளே நுழையும்போதே சொல்லுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் மூன்றாவது முறையும் "சளி" என்றே எழுதப்படலாம்.

ஏன் அப்படி நடக்கிறது என்று புரிந்துவிட்டால், பொறுத்துப் பார்க்கலாம் என்பவர்களிடம் பேச உங்களுக்கு வார்த்தை கிடைத்துவிடும். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நுரையீரலுக்கு ரத்தம் போக ஒரு வழி, திரும்ப ஒரு வழி. போகும் வழி தமனி, திரும்பும் வழி சிரை. பெரும்பாலோருக்கு வலது நுரையீரலிலிருந்து இரண்டு, இடதிலிருந்து இரண்டு என நான்கு சிரைகள் இதயத்தின் பின்புறமாக வந்து இடது மேலறைக்குள் திறக்கும். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் உடம்புக்குப் போய்ச் சேர இந்த நான்கு வாய்களைவிட்டால் வேறு வழி கிடையாது.

கரு உருவாகும் முதல் வாரங்களில், முளைவிடும் நுரையீரலின் ரத்தம் உடம்பின் மற்றச் சிரைகளோடுதான் கலந்து ஓடும். பிறகு இடது மேலறையின் பின்சுவரிலிருந்து ஒரு சிறு குழல் கிளம்பி, நுரையீரலை நோக்கி நீண்டு, அந்தச் சிரைகளோடு இணையும். இணைந்ததும் பழைய வழிகள் தூர்ந்துபோகும். உங்கள் மகளுக்கு அந்த இணைப்பு நடக்கவில்லை. நான்கு சிரைகளும் இதயத்தின் முதுகுப்பக்கம் ஒன்றுகூடி, தூராமல் நின்ற ஒரு பழைய வழியில் போய்விட்டன. சிலருக்கு அது மேல்நோக்கிக் கழுத்துப் பக்கம் ஏறும். சிலருக்கு இதயத்தின் வலப்பக்கத்திலேயே திறக்கும். சிலருக்கு உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு கல்லீரலுக்கு இறங்கும். 1957-ல் டார்லிங் என்பவரின் குழு வகுத்த இந்தப் பிரிவைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். கீழே இறங்கும் வகையில் ஏறக்குறைய எப்போதும் அடைப்பு இருக்கும். பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ குழந்தை திணறத் தொடங்கும், உடனே ஆபரேஷன் செய்தால்தான் உண்டு. நான்காம் நாளே செய்தார்கள் என்றால் அந்தக் குழு விரைந்து கண்டுபிடித்திருக்கிறது. உங்கள் குழந்தை உயிரோடு இருப்பதற்கு அந்த வேகம்தான் காரணம்.

ஆபரேஷனில் என்ன செய்தார்கள்? இதயத்துக்குப் பின்னால் ஒன்றுகூடிய அந்தச் சிரையைத் திறந்து, இடது மேலறையையும் திறந்து, இரண்டு வாய்களையும் சேர்த்துத் தைத்தார்கள். பிறந்து நான்கு நாளான குழந்தையின் சிரைச் சுவர் ஈரத்தாள் போல மெலிந்திருக்கும். அதில் போடும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. நன்றாகத் தைத்த பிறகும் நூறு குழந்தைகளில் பத்துப் பதினைந்து பேருக்குச் சில மாதங்களில் அந்த வழி மறுபடி சுருங்குகிறது. பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள், அநேகமாக எல்லோருக்கும் ஒரு வருடத்துக்குள். அனுபவம் மிக்க கைகளில் ஆபரேஷன் ஆன குழந்தைகளுக்கும் இது வருகிறது. ஆகவே "முதல் ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையா" என்ற கேள்விக்கு என் பதில்: நீங்கள் எழுதியதில் அப்படி நினைக்க ஒரு காரணமும் எனக்குத் தென்படவில்லை.

சுருக்கத்தில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, தையல் போட்ட இடத்தில் தழும்பு இறுகுவது. மற்றொன்று, சிரையின் உட்சுவரில் செல்கள் பெருகித் தடித்துக்கொண்டே போவது. தண்ணீர்க் குழாய்க்குள் உப்புப் படிவதைப் போல என்று சொல்வார்கள், அது அவ்வளவு சரியில்லை. படிவதில்லை, வளர்கிறது. தழும்பை உண்டாக்கும் அதே வகைச் செல்கள் நிறுத்தத் தெரியாமல் பெருகுகின்றன. முதல் வகைக்கு மருத்துவம் எளிது. இரண்டாம் வகை பிடிவாதமானது. சி.டி. இந்த இரண்டில் எது என்று காட்டிக்கொடுக்கும்.

இனி "சளி" விஷயம். திரும்பும் வழி அடைபட்டால் ரத்தம் நுரையீரலுக்குள் தேங்கும். தேங்கிய அழுத்தத்தில் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றறைகளைச் சூழும். நுரையீரல் கனத்து விறைக்கும். குழந்தை வேகவேகமாக மூச்சு விடும். பால் குடிக்க மூச்சைப் பிடிக்க வேண்டியிருப்பதால் பாதியில் விட்டுவிடும். ஸ்டெதஸ்கோப்பில் கரகரவென்று கேட்கும். எக்ஸ்ரேயில் வெண்புகை படர்ந்திருக்கும். இவை எல்லாமே நிமோனியாவுக்கும் பொருந்தும். அதனால் ஆன்டிபயாடிக் எழுதிய டாக்டர்மீது கோபப்பட வேண்டாம்.

இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை. பயிற்சிக் காலத்தில் ஒரு நான்கு மாதக் குழந்தையை மூன்றாவது நிமோனியா என்று நானே வார்டில் சேர்த்திருக்கிறேன். குறைமாதத்தில் பிறந்தவன், நெடுநாள் ஆக்சிஜனில் இருந்து வீட்டுக்குப் போனவன். எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, வெண்புகையைப் பார்த்து, மருந்தை மாற்றி எழுதிவிட்டு நகர்ந்தேன். பின்னால் வந்த மூத்த மருத்துவர் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "நுரையீரல் இவ்வளவு மோசம், காய்ச்சல் எங்கே?" என்றார். பிறகு எக்கோ கருவியை இழுத்துவந்து, குழந்தையின் கழுத்துக்குக் கீழே, மார்பெலும்பின் மேல் குழியில் வைத்தார். அங்கிருந்து பார்த்தால் இடது மேலறை நடுவில் உடல் மாதிரியும், நான்கு சிரைகள் நான்கு பக்கமும் கால்கள் மாதிரியும் தெரியும். நண்டுக் காட்சி என்றே அதற்குப் பெயர். அன்று அந்த நண்டுக்கு இரண்டு கால்கள்தான் இருந்தன. மற்ற இரண்டும் நூலாகச் சுருங்கியிருந்தன. அதற்கு முன் அவனுக்கு இரண்டு எக்கோ எடுத்திருந்தார்கள். இரண்டிலும் "இதயம் இயல்பு" என்றே இருந்தது. சிரைகளை யாரும் தேடவில்லை. அன்றிலிருந்து "நான்கையும் பார்த்தாயிற்றா?" என்று கேட்காமல் நான் எந்த எக்கோ அறிக்கையையும் மூடுவதில்லை. நீங்களும் கேளுங்கள். அறிக்கையில் நான்கு சிரைகளுக்கும் தனித்தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இடது மேல் சிரையைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால், மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றனவா, பார்க்க முடியவில்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

(அந்தப் பையனைப் பற்றிச் சொன்னதால் மற்ற வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. இந்த ஆபரேஷனே நடக்காத குழந்தைகளுக்கும் சிரைகள் தாமாகச் சுருங்குவதுண்டு. குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் பாதிப்போடு வளரும் குழந்தைகளிடமும், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடமும், வேறு இதயக் குறைபாடு உள்ளவர்களிடமும் இதை அதிகம் பார்க்கிறோம். இந்தச் சுருக்கத்தை 1951-லேயே எழுதிவைத்தவர் ஆஸ்திரேலியாவின் டக்ளஸ் ரே. ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே சிண்ட்ரோமுக்குப் பெயர் கொடுத்தவரும் அவர்தான். குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் தேவை குறைந்துகொண்டே வந்து, பிறகு காரணம் தெரியாமல் மறுபடி கூடினால், சிரைகளையும் ஒருமுறை பாருங்கள் என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.)

ஆக்சிஜன் 97 காட்டுகிறதே என்று நீங்கள் தேற்றிக்கொண்டிருப்பது புரிகிறது. அந்தக் கருவி, உடம்புக்கு வந்துசேர்ந்த ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். வரும் வழியில் ரத்தம் எவ்வளவு நெருக்கப்பட்டு வந்தது என்பது அதற்குத் தெரியாது. ஆபரேஷனுக்கு முன் உங்கள் மகள் நீலமானதற்குக் காரணம், நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்தது. இப்போது கலப்பு இல்லை, நெரிசல்தான் இருக்கிறது. நெரிசல் முற்றி, நுரையீரலில் நீர் கோத்த பிறகுதான் அந்த எண் இறங்கத் தொடங்கும். எனவே 97 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து 1.9. ரத்தம் ஒரு நொடிக்கு எத்தனை மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்பதன் கணக்கு அது. சிரையில் ரத்தம் நிதானமாக, அலையலையாக, பெரும்பாலும் 1 மீட்டருக்கும் குறைந்த வேகத்தில் ஓட வேண்டும். குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதுபோல, சுருங்கிய இடத்தில் வேகம் கூடும். 1.6-ஐத் தாண்டினால் நாங்கள் உஷாராகிவிடுவோம். அலை அடங்கி இடைவிடாமல் ஒரே இரைச்சலாக ஓடினால் இன்னும் உஷாராவோம்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. எக்கோ அறிக்கைகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான். ஒரு சிரை சுருங்கினால் ரத்தம் சும்மா நிற்காது. நுரையீரலின் மற்றப் பகுதிகளுக்குத் திரும்பிக்கொள்ளும். சுருங்கிய சிரை வழியே போகும் ரத்தமே குறைந்துவிடும். அப்போது அங்கே அளக்கும் வேகமும் குறையும். அடுத்த மாதம் எக்கோ எடுத்து 1.9 என்பது 1.3 ஆகியிருந்தால் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். சிரை விரிந்ததாலும் அப்படி ஆகலாம், ஏறக்குறைய மூடிப்போனதாலும் ஆகலாம். முழுவதும் மூடிய சிரையில் வேகமே இருக்காது, படத்திலும் தெரியாது. "ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்போம்" என்பதை நான் இவ்வளவு அழுத்தி மறுப்பதற்கு இதுதான் காரணம். இந்த நோயில் பொறுத்துப் பார்ப்பவருக்கு எண் பொய் சொல்லும்.

சில்டெனாஃபில் பற்றி. இது நுரையீரல் தமனிகளைத் தளர்த்தி, உள்ளே போகும் ரத்தத்தைக் கூட்டும் மருந்து. சில குழந்தைகளுக்கு உயிர்காக்கும் மருந்தும்கூட. ஆனால் வெளியேறும் வழி அடைபட்டிருக்கும்போது உள்ளே போவதை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? தேக்கம் பெருகி, நுரையீரலில் நீர் கோப்பது இன்னும் மோசமாகலாம். உங்கள் மகளுக்கு நுரையீரல் அழுத்தம் கூடியிருப்பதற்கே சிரைச் சுருக்கம் காரணமாக இருக்கக் கூடும். அழுத்தம் கூடியிருக்கிறது என்பது உண்மையானால், ஒன்றுக்கு மேற்பட்ட சிரைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரே ஒரு சிரையின் சுருக்கம் பொதுவாக அழுத்தத்தை அவ்வளவு உயர்த்தாது. ஆகையால் சி.டி. முடிந்து, சிரைகளின் நிலை தெரிந்து, குழந்தைகள் இதய மருத்துவர் சொல்லும்வரை அதைத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், இன்றே தொலைபேசியில் கேளுங்கள்.

சி.டி.யில் கதிர்வீச்சு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் இன்றைய கருவிகள் குழந்தையின் எடைக்கேற்ப அளவைக் குறைத்து, சில நொடிகளில் முழு நெஞ்சையும் படமெடுத்துவிடும். பல குழந்தைகளுக்கு மயக்கம்கூடத் தேவைப்படுவதில்லை. பால் குடித்துத் தூங்கும் நேரம் பார்த்து, துணியில் சுற்றி, எடுத்துவிடுகிறார்கள். கையில் ஒரு ஊசி வழியே நிறமருந்து செலுத்துவார்கள். அந்தப் படத்திலிருந்து நான்கு சிரைகளின் முப்பரிமாண உருவமும் கிடைக்கும். எந்தச் சிரை, எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்குச் சுருங்கியிருக்கிறது, நுரையீரலுக்குள் இருக்கும் கிளைகளும் மெலிந்துவிட்டனவா என்பதெல்லாம் அதில் தெரியும். எக்கோவால் இவ்வளவும் சொல்ல முடியாது. பலன் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, என் பேத்தியாக இருந்தாலும் எடுக்கத்தான் சொல்வேன்.

அடுத்து அநேகமாகக் கதீட்டர் பரிசோதனை சொல்வார்கள். தொடையில் உள்ள சிரை வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, அழுத்தங்களை நேரடியாக அளப்பார்கள். நிறமருந்து நுரையீரலுக்குள் போய் எப்படித் திரும்புகிறது என்றும் பார்ப்பார்கள். தேவையானால் அப்போதே பலூனை வைத்து விரிக்கவும் முடியும்.

சிகிச்சையைப் பற்றி நேராகவே சொல்கிறேன். பலூன் சிகிச்சை அன்றே பலன் தரும். மூச்சு வாங்குவது குறையும், குழந்தை பால் குடிக்கும். ஆனால் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி சுருங்குவது சாதாரணம். ஸ்டென்ட் (சிரையைத் திறந்துவைக்கும் வலைக்குழல்) வைத்தாலும் அதற்குள்ளேயே செல்கள் வளரக் கூடும். சின்னச் சிரைக்குச் சின்ன ஸ்டென்ட்தான் வைக்க முடியும். அது சீக்கிரம் அடையும், குழந்தை வளர வளர அதை விரிக்கவும் வேண்டும். ஆகவே "ஒருமுறை பலூன் போட்டால் முடிந்தது" என்று யாராவது சொன்னால் முழுதாக நம்பாதீர்கள். "மறுபடியும் பலூனா, அப்போ பலனில்லையா" என்று மனம் உடையவும் வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதீட்டருக்கு வந்துபோய், சிரைகளைத் திறந்தபடியே வைத்து வளர்த்தெடுத்த குழந்தைகள் இருக்கிறார்கள். திட்டமிட்டு மறுபடி மறுபடி செய்வதுதான் இங்கே சிகிச்சை.

ஆபரேஷன் என்றால், தையலில்லா முறை என்ற ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். 1990-களில் டொராண்டோவிலும் பாரிஸிலும் அறுவை மருத்துவர்கள் உருவாக்கியது. சிரையின் வெட்டிய விளிம்பில் ஊசி படுவதே மறுபடி சுருங்கத் தூண்டுகிறதோ என்ற சந்தேகத்தில் பிறந்த யோசனை. சுருங்கிய பகுதியை வெட்டித் திறந்துவிடுவார்கள். ஆனால் சிரையின் வெட்டிய விளிம்பில் தையல் போடவே மாட்டார்கள். இதயத்தைச் சுற்றியுள்ள உறையை எடுத்து, திறந்த சிரைகளைச் சூழ்ந்தாற்போல இடது மேலறையோடு தைத்துவிடுவார்கள். சிரைகளிலிருந்து வரும் ரத்தம் அந்த உறைக்குள் ஒரு சிறு குளம்போல விழுந்து, அங்கிருந்து இதயத்துக்குள் போகும். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு உறை இதயத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் ரத்தம் வெளியே கசிவதில்லை. முந்தைய ஆபரேஷனின் தொல்லை பிடித்த ஒட்டல் இந்த ஒரு இடத்தில் துணைக்கு வருகிறது. சுருக்கம் தையல் பகுதியிலேயே நின்றிருந்தால் இந்த முறையின் பலன் மிக நன்றாக இருக்கிறது. நுரையீரலுக்குள் இருக்கும் கிளைகள்வரை நோய் போய்விட்டால் கத்தி எட்டாது.

அங்கேதான் மருந்துகள் வருகின்றன. செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த, உறுப்பு மாற்று நோயாளிகளுக்குக் கொடுக்கும் சிரோலிமஸ், ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இமாடினிப் போன்ற மருந்துகளைச் சில மையங்கள் பயன்படுத்துகின்றன. சிரோலிமஸுக்கு ஒரு கதை உண்டு. 1964-ல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போன ஒரு குழு கொண்டுவந்த மண்ணில் இருந்த நுண்ணுயிர்தான் அதன் மூலம். அந்தத் தீவை அங்குள்ளவர்கள் ராப்பா நூயி என்பார்கள். மருந்தின் முதல் பெயர் ராப்பாமைசின். பூஞ்சைக்கு மருந்தாகத் தொடங்கிய அது இன்று ஒரு கைக்குழந்தையின் சிரையைத் திறந்துவைக்க உதவுகிறது. பலூனோடும் ஆபரேஷனோடும் சேர்த்துக் கொடுக்கும்போது பலன் தெரிகிறது என்பது இதைப் பயன்படுத்தும் மையங்களின் அனுபவம். பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் அதிகமில்லாத துறை இது. நோய் அரிது என்பதால் அதற்கு வழியும் குறைவு. உங்கள் மகளுக்கு இதைத் தொடங்கினால் மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். ரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், ஃப்ளுகோனசோல் போன்றவை அந்த அளவை உயர்த்திவிடும் என்பதால், சளிக்கு வேறு டாக்டர் எழுதும் எந்த மருந்தையும் இதயக் குழுவிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நோய் எதிர்ப்புச் சக்தி குறையும் என்பதால், தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமியைக்கொண்டு செய்த தடுப்பூசிகளை எப்போது போடுவது என்று முன்கூட்டியே பேச வேண்டும். மற்றத் தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். இந்த நுரையீரலால் ஒரு ஃப்ளூ காய்ச்சலைக்கூடத் தாங்க முடியாமல் போகலாம்.

எப்படி முடியும் என்று நீங்கள் எழுத்தில் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருப்பீர்கள். எத்தனை சிரைகள் என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. ஒன்றிரண்டு மட்டும், அதுவும் தையல் பகுதியில் என்றால், நல்ல நம்பிக்கையோடு போகலாம். மூன்று அல்லது நான்கும், அதுவும் உள்கிளைகள் வரை என்றால் இது உயிருக்கு ஆபத்தான நோய். ஒரு தலைமுறைக்கு முன் அப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. இன்று நிலைமை மாறியிருக்கிறது. இன்னும் போதாது. சீக்கிரம் பிடிக்கும்போதுதான் எண்ணிக்கை ஒன்றிரண்டில் நிற்கிறது. நீங்கள் ஆறு வாரத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் பார்க்கும் பல குடும்பங்கள் ஆறு மாதம் கழித்து வருகிறார்கள்.

வீட்டில் இன்றிரவே செய்ய ஒன்று. அவள் நன்றாகத் தூங்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். கைக்குழந்தைகள் வயிற்றால்தான் மூச்சு விடுவார்கள், நெஞ்சைப் பார்த்தால் கணக்குத் தவறும். கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது, விட்டுவிட்டு வரும். இந்த வயதில் விழித்து அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 50-ஐத் தொட்டால் வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். தூக்கத்தில் அந்த எண் வந்தால் கூடுதல் கவலைக்குரியது. விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்குகிறதா என்றும் பாருங்கள். எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பக்கத்திலேயே, ஒரு முறை பால் குடிக்க எத்தனை நிமிடம் ஆனது, எவ்வளவு மிச்சம் வைத்தாள் என்பதையும் எழுதுங்கள். எடையை ஒரே தராசில், துணியில்லாமல், வாரம் ஒருமுறை பாருங்கள். டாக்டர் முன்னால் நின்று "கொஞ்ச நாளாகவே சரியில்லை" என்று சொல்வதைவிட "மூன்று வாரத்தில் 42 ஆக இருந்த மூச்சு 58 ஆகியிருக்கிறது" என்று நோட்டைக் காட்டினால், எதிரில் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

பால் ஏறவில்லை என்று கட்டாயப்படுத்தி ஊட்ட வேண்டாம். களைத்த குழந்தைக்குப் பால் நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. அது இருக்கும் சிக்கலை இரட்டிப்பாக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் கொடுக்கலாம் என்று சொன்னால் பயந்து மறுக்காதீர்கள். குடிப்பதற்கே சக்தியைச் செலவழிக்கும் குழந்தை வளர அது பெரிய உதவி. நீர் பிரியும் மருந்து கொடுத்தால் எடைக்கேற்ற அளவு மாறிக்கொண்டே இருக்கும், துப்பிவிட்டால் மறுபடி கொடுப்பதா என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மனதை அரிக்கும் கேள்வி. நான் மேலே சொன்ன அந்தக் குழல் இடது மேலறையிலிருந்து கிளம்பும் காலம், கருவுற்ற நான்காம், ஐந்தாம் வாரம். கர்ப்பம் என்று பல பெண்களுக்கு உறுதியாகத் தெரிவதே அந்தச் சமயத்தில்தான். நீங்கள் நடந்தது, பயணம் செய்தது, வேலை பார்த்தது, அழுதது, எதுவும் அந்தக் குழலின் வழியை மாற்றியிருக்காது. கர்ப்பகால ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்றும் யோசித்திருப்பீர்கள். கருவில் நுரையீரல் வேலை செய்யாததால் அந்தச் சிரைகளில் ஓடும் ரத்தம் மிகக் குறைவு. இதயக் குறைபாடுகளில் கருவில் கண்டுபிடிக்க மிகக் கடினமான ஒன்று இது, நல்ல கைகளும் தவறவிடுகின்றன. அதனால்தான் பல நாடுகளில் பிறந்து ஒரு நாள் ஆனதும் வலது கையிலும் காலிலும் ஆக்சிஜன் அளவு பார்க்கிறார்கள். அமெரிக்கா 2011-ல் இதை எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் பரிந்துரைத்தது. அந்தப் பரிசோதனை தேடும் குறைபாடுகளின் பட்டியலில் உங்கள் மகளுக்கு இருந்ததும் ஒன்று.

அடுத்த குழந்தைக்கு? பெரும்பாலும் இது ஒரு குடும்பத்தில் ஒருமுறை வந்து நின்றுவிடுகிறது. மறுபடி வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சில பேர் என்ற அளவில்தான். சில குழந்தைகளுக்கு இது வேறு பிறவிக் குறைபாடுகளோடு, உறுப்புகள் இடம் மாறி அமைவதோடு அல்லது குரோமோசோம் மாற்றத்தோடு சேர்ந்து வரும். உங்கள் மகளுக்கு அப்படி ஏதும் உண்டா என்று மரபணு மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. அடுத்து கருவுற்றால் 18 முதல் 22 வாரத்துக்குள், நுரையீரல் சிரைகளைத் தேடிப் பார்க்கும்படி சொல்லி, கருவின் இதயத்துக்கான தனி எக்கோ எடுங்கள். பிறந்த பிறகும் ஒருமுறை எடுங்கள்.

போகும்போது முதல் ஆபரேஷன் குறிப்பையும், எல்லா எக்கோ அறிக்கைகளையும், முடிந்தால் படங்கள் உள்ள குறுந்தகட்டையும், அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். சி.டி. முடிவு வந்ததும் எந்தச் சிரைகள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் அதிலிருந்து தொடங்குகிறேன்.